மூன்றாம் அவெனியூவின் நீலப் பலகை

நியூ ஜேர்சியிற் குடியிருக்கும் என் மருமகன் ஒருவனுடைய வீட்டு நிலவறையிலே நியூயோர்க் மாநகரத்தின் ஒரு மூலை இருக்கிறது. ஏழடி நீளமும் இரண்டரையடி அகலமும் கொண்ட பலகை ஒன்றின்மேல் அதனை அவன் எழுப்பியிருக்கிறான். நான்கு மாடிச் செங்கல் வீடுகள். அவற்றின் அடித்தளத்திலே அடகுக்கடை, சலவைக்கடை, முடிதிருத்துங் கடை, மதுச்சாலை. முன்னே கல்பாவிய வீதி. அந்த வீதியின் வானத்தை மறைத்துக்கொண்டு, உருக்குத் தூண்களின் மேலே இரண்டாம் மாடிச் சாளரங்களை உரசுவதுபோல் ஓடுகிறது ஒரு புகையிரதப் பாதை. ஒரு விசையை அழுத்தினால் வண்டி கடகடவென்று வந்து நின்று போகிறது.

சென்ற ஆண்டு அங்கு போயிருந்தபோது என்னை அதன் முன் ஒரு கதிரையில் இருத்திவிட்டு, "மாமா, இதிலை ஒரு பொய் கிடக்குது. கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்றான்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வீடுகளைப் பார்த்தேன், மோட்டார் வண்டிகளைப் பார்த்தேன், தொப்பியணிந்து நின்ற மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில் அவனே ஊசிமுனையால் தொட்டுக் காட்டினான். ஒரு சந்தியிலே, விளக்குக் கம்பத்தில், நெல்மணி நீளத்தில் ஒரு வீதிப் பெயர்ப்பலகை. பச்சை நிறம், வெள்ளை எழுத்து.

"இண்டைக்கு நியூயோர்க்கிலை எங்கை பாத்தாலும் இந்தப் பச்சைதான். அதாலை நானும் யோசியாமல் பச்சையிலை செய்துபோட்டன். ஆனால் இந்த மேசையிலை நடக்கிற வருஷம் 1954. அப்ப இந்தப் பச்சை இல்லை."

பிழையென்று அறிந்தபின் ஏனைய சந்திகளின் பலகைகளை எல்லாம் கழற்றித் திருத்தியவன், இந்த ஒன்றை மட்டும் வருவோரைச் சோதிப்பதற்கென்று விட்டு வைத்திருக்கிறான். அன்றிரவு உணவு ஆறிப் போகும்வரை அவன் அந்தச் சின்னஞ் சிறு பலகைகளைப் பற்றியே பேசினான். விளையாட்டுப் புகையிரதம் என்று நாம் இலேசாகச் சொல்லிவிடும் ஒன்றுக்குள் இத்தனை வரலாறும் இத்தனை மனச்சாட்சியும் இருக்கக்கூடும் என்பதை நான் அதற்குமுன் எண்ணியதில்லை.

ஆண்டை ஏன் 1954 என்று வகுத்தான்? மூன்றாம் அவெனியூவின் மேலோடிய புகையிரதம், நகரத்தார் சுருக்கமாக 'எல்' என்று அழைத்த அது, 1878 இல் திறக்கப்பட்டது. மன்ஹற்றனிலே இத்தகைய பாதைகள் முன்னர் பல இருந்தன. ஆறாம் அவெனியூவினது 1938 இலும், இரண்டாம் அவெனியூவினது 1942 இலும் முற்றாக நின்றுபோயின. தனித்து எஞ்சியிருந்த மூன்றாம் அவெனியூப் பாதையில் மன்ஹற்றனின் கடைசி வண்டி 1955 மே மாதம் 12 ஆந் திகதி ஓடியது. பின்னர் தூண்களையும் பிடுங்கிவிட்டார்கள். வீதிக்கு வெயில் வந்தது. வெயிலோடு நிலத்தின் விலையும் ஏறியது. பழைய செங்கல் வீடுகள் பல இடிந்து உயர்ந்த மாளிகைகள் எழுந்தன. ஆகவே 1954 என்பது அந்த வீதி அந்த வீதியாக இருந்த கடைசி முழு ஆண்டு. இன்று அங்கே போய்ப் பார்த்து அதைப்போலச் செய்வோம் என்றால் பார்ப்பதற்கு எதுவுமில்லை.

இதனாலேதான் பெயர்ப்பலகை இத்துணை முக்கியம் பெறுகிறது. வீடு ஐம்பது அறுபது ஆண்டுகள் ஒரே கோலத்தில் நிற்கக்கூடும். அது தன் காலத்தை உரத்துச் சொல்வதில்லை. பலகையோ சொல்லிவிடுகிறது. மன்ஹற்றனில் அந்நாளிற் பரவலாக இருந்தவை எனாமல் பூசிய உருக்குத் தகடுகள். கருநீலப் பின்னணியில் வெண்ணிற எழுத்து. அவற்றின் மேல்விளிம்பு நடுவிலே கூன்போலச் சற்று உயர்ந்திருக்கும். கீழே பெரிய எழுத்தில் நீங்கள் நிற்கும் வீதியின் பெயர். அந்தக் கூனுக்குள்ளே, சிறிய எழுத்தில், குறுக்கே செல்லும் வீதியின் பெயர். 1964 முதல் இவற்றினிடத்தைப் புதிய நீள்சதுரப் பலகைகள் பிடித்தன. அப்போது நகரத்தின் ஐந்து பிரிவுகளுக்கும் நிறம் வகுத்தார்கள்: மன்ஹற்றனுக்கும் ஸ்ரற்றன் தீவுக்கும் மஞ்சளிற் கறுப்பு, புறூக்லினுக்குக் கறுப்பில் வெள்ளை, புறொங்ஸுக்கு நீலத்தில் வெள்ளை, குயீன்ஸுக்கு வெள்ளையில் நீலம். நாடு முழுவதற்கும் பொதுவான பச்சை எண்பதுகளிலேதான் அந்நகரத்துக்கு வந்தது. எனவே பலகையின் நிறத்தைக் கண்ட மாத்திரத்தில், அறிந்தவன் ஒருவன் இது எந்தப் பிரிவு, எந்தக் காலம் என்று கூறிவிடுவான். நெல்மணியளவு தகடு ஒன்று, ஏழடி நகரம் முழுவதையும் முப்பதாண்டு முன்னே தள்ளிவிடுகிறது.

இன்னும் சில பொறிகள் உண்டு. மூன்றாம் அவெனியூவை ஒருவழிப் பாதையாக்கியது 1960 இல். ஆகவே அந்த அவெனியூவிலே அம்புக்குறி தீட்டிய ஒருவழிப் பலகை நாட்டினால் அதுவும் பொய்யே. குறுக்கு வீதிகள் பல அதற்கு முன்னமே ஒருவழியானவை. அவற்றின் வாயில் அம்பு நிற்கலாம். ஆறாம் அவெனியூவுக்கு 1945 இலே 'அமெரிக்க நாடுகளின் அவெனியூ' என்று பெயர் மாற்றினார்கள். அதன் மேலோடிய வண்டியோ ஏழாண்டு முன்னமே நின்றுவிட்டது. அப்படியிருக்க, ஆறாம் அவெனியூ எல்லுக்குக் கீழே அந்தப் புதுப்பெயர் எழுதிய பலகையைக் காட்டும் மாதிரியுரு ஒன்று, ஒருபோதும் இருந்திராத ஒரு நாளைக் காட்டுகிறது.

இவற்றுள் மிகப் பலரை வீழ்த்துவது 'நில்' என்று பணிக்கும் எண்கோணப் பலகை. அது என்றுமே சிவப்பு என்றுதான் நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவில் அதன் முதற்பிறப்பு 1915 இல், டெற்றொயிற் நகரில், வெள்ளைச் சதுரத்தில் கறுப்பெழுத்தாக. 1923 இல் அதற்கு எண்கோண வடிவம் வகுத்தார்கள். பக்கம் கூடக்கூட ஆபத்தும் கூட என்பது அவர்கள் கொண்ட கணக்கு: எண்ணற்ற பக்கமுடையது வட்டம், அதனைப் புகையிரதக் கடவைக்கு ஒதுக்கினார்கள். அதற்கடுத்த ஆபத்தான சந்திக்கு எட்டுப் பக்கம். நிறமோ பின்னரும் முப்பதாண்டு மஞ்சளாகவே இருந்தது. சிவப்பை அவர்கள் அறியாமலில்லை. வெயிலிலும் மழையிலும் வெளிறாத சிவப்புச் சாயம் அன்று கைவசமில்லை. மங்காத எனாமற் பூச்சு வந்தபின், 1954 இலேதான் சிவப்பில் வெள்ளையெழுத்து என்று விதி மாறிற்று. விதி மாறிய அன்றே ஊரெங்கும் பலகை மாறிவிடுமா? என் மருமகனின் மேசையில் அவ்வாண்டே நடப்பதால், ஒரு குறுக்கு வீதியின் முனையிலே வெளிறிய மஞ்சள் எண்கோணம் ஒன்றை நாட்டியிருக்கிறான். பார்ப்பவர் பலரும் அதைப் பிழை என்கிறார்களாம். உண்மையான பச்சைப் பொய்யை எவரும் காண்பதில்லை. மஞ்சள் மெய்யின்மேற் குற்றஞ் சாட்டுகிறார்கள்!

மறைந்துபோன வீதியின் பலகைகளை எங்கே தேடுவது? அந்த நகரம் இவ்விடயத்திலே கொடுத்துவைத்தது. 1939 முதல் 1941 வரையில், வரி மதிப்பீட்டுக்கென ஐந்து பிரிவுகளிலுமுள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் நகர நிருவாகம் படம் பிடித்தது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட அப்படங்களை நகர ஆவணக் காப்பகம் 2018 இல் எவரும் வீட்டிலிருந்தே பார்க்குமாறு கணினிவழி திறந்துவிட்டது. வரி வாங்குவதற்கென எடுத்த படங்களில் அழகு பார்க்கவில்லை. அழகு பாராமையாலேயே எல்லாம் விழுந்திருக்கின்றன. குப்பைத்தொட்டி, கடைத் திரை, நாய், கம்பத்திற் பலகை. திரைப்படங்களும் துணைசெய்கின்றன. 1945 இல் வெளிவந்த 'த லொஸ்ற் வீக்கெண்ட்' என்ற படத்திலே, தட்டச்சுப் பொறியை அடகு வைக்க அலையும் குடிகாரன் மூன்றாம் அவெனியூவில் நடக்கும் காட்சிகளை மெய்யான அவ்வீதியிலேயே எடுத்தார்கள். மருமகன் அதனைப் பத்து முறையாவது பார்த்திருப்பான்; கதை என்னவென்று கேட்டால் அரைகுறையாகத்தான் சொல்வான். நடிகரின் தோளுக்குப் பின்னாலே தெரிவதுதான் அவனுக்குப் படம்.

ஆனால் இவையெல்லாம் கறுப்பு வெள்ளை. பலகையின் வடிவத்தைத் தரும், நிறத்தைத் தருவதில்லை. அதற்கு, பழைய பொருட் சந்தைகளில் விலைக்கு வரும் மெய்யான தகடுகளைத் தேடிப்போய்ப் பார்த்தான். எட்டு டொலர் நிறப்புத்தகத்தை அருகில் வைத்து நீலத்தை ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டானாம். தகட்டை வாங்கவில்லை, அதன் விலைக்கு வண்டி இரண்டு வாங்கலாம் என்றான்.

இனிச் செய்யும் முறை. அவன் எடுத்துக்கொண்ட அளவு, அமெரிக்காவிற் பெரும்பாலோர் கையாளும் எண்பத்தேழில் ஒன்று; மெய்யான ஓரடி, மேசையில் மூன்றரை மில்லிமீற்றராகிறது. இரண்டடி நீளப் பலகை ஏழு மில்லிமீற்றர். நாலங்குல எழுத்து ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கூனுக்குள் எழுதும் இரண்டங்குல எழுத்து அரை மில்லிமீற்றர் சொச்சம். தூரிகையால் எழுதுதல் மனிதனால் ஆகாது. கணினி வராத நாட்களில், பெரிதாக எழுதியதைப் படம்பிடித்துச் சிறிதாக்கியும், தேய்த்தால் ஒட்டும் அச்செழுத்துத் தாள்களைக் கொண்டும் பொறுமையுள்ளவர்கள் இதனைச் சாதித்தார்கள். இப்பொழுது கணினியிலே பலகையை வரைந்து, அங்குலத்துக்கு அறுநூறு புள்ளியிடும் அச்சுப்பொறியில் அடித்தால், அந்த நாலங்குல எழுத்தின் உயரத்துக்குள் இருபத்தேழு புள்ளிகள் விழும். எழுத்து எழுத்தாகவே நிற்கும். ஒவ்வொரு சந்திக்கும் குறுக்கு வீதியின் பெயர் வேறாதலால் ஒன்றை வரைந்து ஒன்பது படியெடுக்கும் வழி இதில் இல்லை.

அச்சடிப்பதோடு வேலை முடிந்தது என்று கருதுவோரே பெரும்பாலார், அங்கேதான் கெட்டுப்போகிறது. முதற்கேடு தடிப்பு. பளபளப்பான படத்தாளின் தடிப்பு கால் மில்லிமீற்றர். அதனை எண்பத்தேழாற் பெருக்குங்கள்: ஏறத்தாழ ஓரங்குலம்! மெய்யான தகட்டின் தடிப்போ இரண்டு மில்லிமீற்றர்தான். பார்ப்பவன் கணக்குப் போடுவதில்லை. எனினும் அவன் கண் போடுகிறது. தகடு தகடாகத் தெரியாமல் தடிப்பலகையாகத் தெரிகிறது. சாதாரணத் தாளும் பத்திலொரு மில்லிமீற்றர், அதுவும் மிகையே. ஆதலால் மருமகன் மெல்லிய தாளில் அச்சடித்து, பின்புறத்தைப் பதமான உப்புத்தாளால் மெல்ல மெல்லத் தேய்க்கிறான். மூன்றில் ஒன்று கிழிந்துபோகும். பின்னர் புதிய அலகால், இரும்பு அடிமட்டத்தை அணைத்து, ஒரே இழுவையில் வெட்டவேண்டும். அலகு ஐந்தாறு வெட்டுக்கு மேல் உதவாது; சிக்கனம் பார்த்தால் விளிம்பு பிசிறிவிடும்.

வெட்டிய விளிம்பு வெள்ளையாக இருக்கும். நீலத் தகட்டைச் சுற்றி வெண்கோடு ஓடினால் கடதாசி என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கருநிறப் பேனையின் முனையை விளிம்பில் ஒருதரம் ஓடவிடுகிறான். பின்பக்கத்துக்குச் சாம்பல் நிறம். கம்பத்தோடு பிணைக்கும் கை, மயிரிழை போன்ற பித்தளைக் கம்பி. கூனை வளைவாக வெட்டுவதற்கு அலகை நம்பாமல், மழுங்கச் செய்த தோற்கருவியின் துளைமுனையைப் பயன்படுத்துகிறான்; அது அவனே கண்டுபிடித்த வழி என்று சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது கேடு புதுமை. எல்லுக்குக் கீழே எந்தப் பலகையும் புதிதாயிருந்ததில்லை. மேலே சக்கரமும் தண்டவாளமும் அரைபட்ட இரும்புத்தூள் இரவுபகலாகக் கீழே விழுந்துகொண்டேயிருக்கும், எண்ணெயும் சொட்டும். எனாமல் பூசிய தகடு வெயிலில் வெளிறாது. ஆனால் கல்லடி பட்டால் சில்லாகத் தெறிக்கும். தெறித்த இடத்தில் உருக்கு வெளித்தெரிந்து கறள் பிடிக்கும். ஆகையால் அதன் முதுமை, சாயந் தீட்டிய மரப்பலகையின் முதுமையன்று. நிறத்தை மங்கச் செய்தால் தவறு. நிறம் நீலமாகவே இருக்க, திருகாணி இருக்குமிடத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று, அதைச் சுற்றிக் கபில நிறம், அதிலிருந்து கீழ்நோக்கி வழியும் மெல்லிய கறட்கோடு. இதனை அவன் ஒற்றைமயிர் போன்ற தூரிகையால், தண்ணீராய்க் கரைத்த வர்ணங்கொண்டு இடுகிறான். ஒரு கோடு அதிகமானாலும் நோய்பிடித்த பலகையாகிவிடும். முடிவில் சோக்கட்டித் தூளை ஊதி, ஒளிராப் பூச்சொன்றைத் தெளித்து நிறுத்திக்கொள்கிறான். எனாமல் மெய்யிலே மினுங்கும் பொருள்தானே, ஏன் ஒளிராப் பூச்சு என்று கேட்டேன். மேசையில் மினுங்கினால் விளக்கு முழுவதும் அந்த நெல்மணிக்குள் வந்து நிற்கும், கண் வேறெங்கும் போகாது என்றான். பொருந்துகிறது. சிறிய உலகத்துக்கு ஒளி வேறுவிதமாக விழுகிறது. தூய கறுப்பும் தூய வெள்ளையும் அங்கே கூச்சலிடும். இரண்டிலும் ஒருதுளி சாம்பல் கலந்தாலே அவை அமைதியாகின்றன.

நான் ஒரு குறும்புக் கேள்வியும் கேட்டேன். இரண்டடி தூரத்திலிருந்து இந்த நகரத்தைப் பார்க்கிறோம். எண்பத்தேழாற் பெருக்கினால் நூற்றெழுபத்து நாலடி. அத்தனை தூரத்தில் நிற்பவனுக்கு நாலங்குல எழுத்து மெய்வீதியிலேயே தடுமாற்றந்தானே. பிறகு எதற்காக இந்த எழுத்துப் பாடு? அவன் உடனே மறுமொழி சொல்லவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, வீதிமட்டத்துக்குத் தாழ்த்தி, தூண்களுக்கிடையே ஒரு படம் எடுத்துக் காட்டினான். தண்டவாளக் கட்டைகளினூடே வெயில் கீற்றுக்கீற்றாக விழுந்து கிடந்தது. அதன் நடுவே, ஆளுயரத்துக்கு மேலே, வாசிக்கத்தக்கதாக, கூன் முதுகோடு நீலப் பலகை. அது மேசையென்று எனக்குத் தெரியும். ஆயினும் ஒரு கணம் தெரியவில்லை.

இந்தக் கலையிலே மிகைசெய்வோரும் உளர். செய்ய அறிந்துவிட்டோம் என்பதற்காகச் சந்திக்குச் சந்தி பத்துப் பலகை நாட்டுகிறார்கள். நண்பர்களின் பெயரைச் சிலேடையாக்கிக் கடைப்பெயர் வைக்கிறார்கள். முதன்முறை சிரிப்பு வரும்; பின்னர் அது நகரத்தைக் கேலிச்சித்திரமாக்கிவிடும். நெரிசலே அழகான இடமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஜோர்ஜ் செலியோஸ் என்ற அமெரிக்கர், மந்தகாலமாகிய முப்பதுகளின் நியூ இங்கிலாந்து நகரமொன்றை மாதிரியுருவாக்கிப் புகழ்பெற்றவர். சுவர் தெரியாமல் விளம்பரங்கள் மண்டிய வீதிகள் அவருடையவை. அங்கே மிகையே அக்காலத்தின் வறுமையைச் சொல்கிறது. வேறொருவர், உலகறிந்த பாடகர் ரொட் ஸ்ருவேட். லொஸ் ஏஞ்செலிஸ் நகரிலுள்ள தம் வீட்டு மேல்மாடியில், நாற்பதுகளின் அமெரிக்கப் பெருநகரமொன்றை இருபதாண்டுக்கு மேல் உழைத்து அமைத்து, 2019 இல் உலகுக்குக் காட்டினார். கச்சேரிக்காக ஊரூராகச் செல்லும்போது கட்டடம் செய்வதற்கென்றே விடுதியில் மற்றுமோர் அறை எடுத்துக்கொள்வாராம். என் மருமகனுக்கு ஓர் அறைதான்; அதுவும் சலவை இயந்திரத்தோடு பங்கு.

விடைபெறும் நாளன்று அவன் தன் அடுத்த எண்ணத்தைச் சொன்னான். அந்த நீலப் பலகைகள் முடிந்தபின், மேசையின் மறுபாதியில் யாழ்ப்பாணப் புகையிரத நிலையம் வரப்போகிறது. ஆண்டு 1965. யாழ்தேவி வந்து நிற்கிறது.

"நீங்கள் எத்தினை தரம் அதிலை நிண்டிருப்பியள், மாமா. மேடையிலை இருந்த பேர்ப்பலகை என்ன நிறம்? மூண்டு பாஷையிலும் எழுதியிருந்ததோ? எது மேலை இருந்தது?"

சிறுவனாக அந்தப் பலகையின் கீழே பெட்டிபடுக்கைக்குக் காவல் நின்றவன் நான். அதன் நிழலில் கச்சான் தின்றிருக்கிறேன். மஞ்சள் என்று சொல்ல வாயெடுத்தேன். வெள்ளையோ என்று ஐயம் வந்தது. எழுத்துகளின் வரிசையும் நினைவுக்கு எட்டவில்லை. வடக்குப் பாதை 1990 இல் நின்று, 2014 இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தபோது நிலையமும் புதிது, பலகையும் புதிது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பியதும் உறவினர் வீடுகளில் பழைய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று அகப்பட்டது. யாரையோ கொழும்புக்கு வழியனுப்பிய நாள்; மாலையும் கழுத்துமாக நடுவில் ஒருவர், சுற்றிவரப் பன்னிரண்டு பேர். பலகை அவர்களுடைய தலைகளுக்குப் பின்னே மறைந்திருக்கிறது. ஓரத்திலே தமிழின் கடைசி மகர ஒற்று மட்டும் தெரிகிறது. படம் கறுப்பு வெள்ளை.